பைபாஸுக்கு முன் இரண்டாவது கையெழுத்து: மருந்துச் சோதனையில் சேரலாமா?

இதய அறுவைக்குத் தேதி குறித்த பிறகு, பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு) குறைவாக இருக்கும் நோயாளிகளிடம் சில பெரிய மருத்துவமனைகளில் இன்னொரு கேள்வியும் கேட்கப்படுவது உண்டு. "இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கிற ஒரு மருந்தை அறுவை நேரத்தில் கொடுத்தால் பலன் இருக்கிறதா என்று ஆராய்ச்சி செய்கிறோம். நீங்களும் சேர்கிறீர்களா?" கூடவே பல பக்கங்களில் ஒரு படிவம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் மருந்துக்கடையில் நிற்பவள் என்பதால், மதுரைக்கும் சென்னைக்கும் போய்வந்த பைல்களோடு வருகிறவர்கள் என்னிடமும் கேட்கிறார்கள்: "அக்கா, இதுல கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?"

நின்ற இடத்தில் ஆமாம், இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு தெளிவு கிடைத்துவிடும்.

பேச்சு எளிதாக இருக்க, நம் கடற்கரையில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வீடு பாம்பனில். ராமேஸ்வரம் விசைப்படகில் தொழிலாளி. வயது 58. பல வருடமாகச் சர்க்கரை. ஆஞ்சியோ பார்த்ததில் மூன்று குழாயிலும் அடைப்பு. எக்கோ தாளில் பம்பிங் 30 சதம். மனைவி பாசி எடுக்கப் போகிறவர். மகன் குவைத்தில். மகளைப் பரமக்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: வழக்கமான சிகிச்சையோடு அறுவை செய்துகொள்வது, ஆராய்ச்சியில் சேர்ந்து அதே அறுவையைச் செய்துகொள்வது, ஆராய்ச்சியில் சேராமல் அந்த மருந்தை மட்டும் காசு கொடுத்து வாங்கிப் போடச் சொல்வது, அறுவையையே தள்ளிப்போடுவது.

இந்த நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் குழப்பிக்கொள்வதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். "புது மருந்து தர்றாங்களாம், அதனால ஆபரேஷனுக்குச் சம்மதிச்சுட்டோம்" என்பார்கள். அல்லது நேர்மாறாக, "ஆராய்ச்சின்னு சொன்னாங்க, பயந்து ஆபரேஷனே வேணாம்னு வந்துட்டோம்" என்பார்கள். இரண்டுமே ஆபத்தான முடிவுகள். அறுவை வேண்டுமா என்பது ஒரு கேள்வி. ஆராய்ச்சி வேண்டுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும்.

முதலில் அறுவை

பம்பிங் 35 சதத்துக்குக் கீழே போனவர்களுக்கு பைபாஸ் பலன் தருமா என்று பார்த்த மிகப் பெரிய சோதனையின் பெயர் ஸ்டிச். 1,212 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு பைபாஸும் மருந்தும், மறு பாதிக்கு மருந்து மட்டும். முதல் மாதத்தில் அறுவை செய்துகொண்டவர்களில்தான் இறப்பு அதிகம். இதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் வருடங்கள் போகப் போக நிலைமை மாறியது. ஏறக்குறைய பத்து ஆண்டு முடிவில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 66 சதம் பேர் இறந்திருந்தார்கள். பைபாஸ் செய்தவர்களில் 59 சதம். பெரிய வித்தியாசமாகத் தெரியாமல் இருக்கலாம். நூறு குடும்பத்துக்கு ஏழு குடும்பம் என்று எண்ணிப் பாருங்கள்.

"அறுத்துப் போடாமல் ஸ்டென்ட் வைத்துவிடலாமே" என்று கேட்பவர்களுக்கு: இதே மாதிரி பம்பிங் குறைந்த 700 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த சோதனையின் முடிவு 2022இல் வந்தது. ஸ்டென்ட் வைத்ததால் இறப்போ, இதயச் செயலிழப்புக்காக மறுபடி மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை. எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அடைப்பு எங்கே இருக்கிறது, வயது என்ன, சிறுநீரகம் எப்படி என்று பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஸ்டென்ட் என்பது பைபாஸுக்குச் சமமான சுலப வழி என்று நினைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம்.

தள்ளிப்போடுவதற்கு நம் பக்கத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். "எப்படியும் படகு கட்டித்தானே கிடக்கும், அப்போ ஆபரேஷனை வச்சுக்கலாம்" என்று டிசம்பரில் ஆஞ்சியோ பார்த்தவர்கூடச் சொல்வார். தொழில் கெடாமல் பார்க்கும் எண்ணம் நியாயமானது. ஆனால் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, நடுவில் பிளந்து கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு ஓரளவு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். வலை இழுக்கிற, ஐஸ் பெட்டி தூக்கிற அளவுக்கு உறுதியாக மூன்று மாதமாவது வேண்டும். 61 நாள் அதற்குப் போதாது. ஜூன் 15 அதிகாலையில் கடலுக்குக் கிளம்பிவிடலாம் என்ற கணக்கு அறுவை செய்துகொண்டவருக்குச் சரிவராது. இரண்டு, இடது பிரதானக் குழாயில் அடைப்பு இருந்தால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்தால், நாலு மாதம் காத்திருப்பது உயிரை வைத்து ஆடும் ஆட்டம். தடைக்காலத்துக்காகத் தள்ளிப்போட நினைப்பவர்கள் "நான் காத்திருக்கலாமா?" என்று அறுவை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அவர் கூடாது என்றால் பேச்சு முடிந்தது.

சோதிக்கப்படும் மருந்து என்ன செய்கிறது

பைபாஸின்போது பெரும்பாலும் இதயத்தை நிறுத்திவிட்டு, இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தத்தை ஓடவிட்டு வேலை பார்ப்பார்கள். வேலை முடிந்து மறுபடி துடிக்கவிடும்போது நல்ல இதயமே சற்றுத் திணறும். ஏற்கெனவே 30 சதத்தில் இருக்கும் இதயம் அதிகமாகத் திணறும். ரத்தம் போதுமான அளவு வெளியே போகாது, ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் குறையும். ஐ.சி.யூ.வில் முதல் இரண்டு மூன்று நாள் டாக்டர்கள் பயப்படுவது இதைத்தான். அப்போது அட்ரினலின், டோபுடமின், மில்ரினோன் போன்ற மருந்துகளை ட்ரிப்ஸில் ஏற்றுவார்கள். இவை இதயத் தசைக்குள் கால்சியத்தைக் கூட்டி வேலை வாங்குகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், ஆனால் அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் கூடும், துடிப்பு தடம்புரளும் ஆபத்தும் கூடும்.

லெவோசிமெண்டான் என்ற மருந்து வேறு விதமாக வேலை செய்கிறது. கால்சியத்தைக் கூட்டாமல், இருக்கிற கால்சியத்துக்கே தசை நன்றாக இசைந்து சுருங்கும்படி செய்கிறது. ரத்தக் குழாய்களையும் விரிக்கிறது. 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக சுவீடனில் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் அனுமதி இல்லை. இந்தியாவில் கிடைக்கிறது. இதயச் செயலிழப்பு திடீரென்று முற்றி ஐ.சி.யூ.வில் சேர்ந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். இதில் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, 24 மணி நேரம் ட்ரிப்ஸ் ஏற்றி நிறுத்தினாலும், உடம்பில் அது உடைந்து உண்டாகும் பொருள் தொடர்ந்து வேலை செய்வதால் பலன் ஏறக்குறைய ஒரு வாரம் நீடிக்கும். அறுவைக்கு முன்பே ஏற்றிவிட்டால் ஆபத்தான நாட்களைக் கடந்துவிடலாமே என்ற யோசனை வந்தது இதனால்தான்.

யோசனை நல்ல யோசனை. சின்னச் சின்ன ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்கள் அதிகம் பிழைத்ததாகவும் தெரிந்தது. உலகத்தில் பல இடங்களில் இதய மயக்க மருத்துவர்கள் இதை நம்பிப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

2017இல் மூன்று பெரிய சோதனைகளின் முடிவு வெளியானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த லீவோ-சிடிஎஸ் சோதனையில் பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே இருந்த 882 பேர் சேர்க்கப்பட்டார்கள். இறப்பு, டயாலிசிஸ், மாரடைப்பு, இதயத்துக்கு இயந்திர உதவி என்ற நான்கில் ஒன்றாவது நேர்ந்தவர்கள் மருந்து பெற்ற பக்கத்திலும் 24.5 சதம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்து கலக்காத வெற்றுத் திரவம் பெற்ற பக்கத்திலும் 24.5 சதம். இத்தாலி, ரஷ்யா, பிரேசில் நாடுகளில் 506 பேரை வைத்து நடந்த சீட்டா சோதனையில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஒரு பக்கம் 12.9 சதம், மறு பக்கம் 12.8. பிரான்சில் 336 பேரை வைத்து நடந்த லிகார்ன் சோதனையிலும் உறுதியான பலன் நிரூபணமாகவில்லை.

இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு வருத்தமும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன. அத்தனை நோயாளிகள், யாருக்கு மருந்து யாருக்கு வெற்றுத் திரவம் என்று குலுக்கிப் பிரிக்கும் முறைக்குச் சம்மதித்து இருபக்கமும் நின்றதால்தான் உண்மை தெரிந்தது. இல்லையென்றால் பலன் நிரூபணமாகாத விலை கூடிய மருந்தை இன்றைக்கும் "கட்டாயம் வாங்கிட்டு வாங்க" என்று எல்லாக் குடும்பத்திடமும் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நெசிரிடைட் என்ற இன்னொரு இதயச் செயலிழப்பு மருந்தின் கதையும் இதுதான். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று நிறையப் பேருக்குக் கொடுத்தார்கள். 2011இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தபோது சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்று தெரிந்தது. பத்து வருடம் போயிருந்தது.

அப்படியானால் இனியும் ஏன் சோதிக்க வேண்டும்? லீவோ-சிடிஎஸ் சோதனையிலேயே சில துணுக்குகள் மிச்சம் இருக்கின்றன. அறுவைக்குப் பின் ரத்த ஓட்டம் குறைந்துபோகும் நிலை மருந்து பெற்றவர்களில் 18 சதம், பெறாதவர்களில் 26 சதம். வால்வு வேலை இல்லாமல் பைபாஸ் மட்டும் செய்துகொண்டவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, மருந்து பெற்ற பக்கம் இறப்பு குறைவாகவும் தெரிந்தது. ஆனால் முடிவு வந்த பிறகு ஒரு பிரிவை மட்டும் பொறுக்கிப் பார்த்தால் தற்செயலாகவும் அப்படித் தெரியலாம். அதை உறுதி செய்ய அந்தப் பிரிவினரை மட்டும் வைத்துப் புதிதாகச் சோதிக்க வேண்டும். பாம்பன்காரரைப் போன்றவரிடம் கேட்கப்படும் கேள்விக்குப் பின்னால் இருக்கும் நியாயம் இது.

சேர்ந்தால், சேராவிட்டால்

சேராமல் வழக்கமான சிகிச்சையோடு போனால் எதுவும் குறைந்துவிடாது. அதே அறுவை, அதே டாக்டர், தேவைப்பட்டால் மேலே சொன்ன வழக்கமான ட்ரிப்ஸ் மருந்துகள். "சேரலைன்னா ஒழுங்காப் பாக்க மாட்டாங்களோ" என்ற பயம் பலருக்கும் உள்ளுக்குள் இருக்கிறது. குறிப்பாக அரசு மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையோடு போகிறவர்களுக்கு. சேர மறுத்ததற்காகச் சிகிச்சையில் எதையும் குறைக்கக் கூடாது என்பது விதி. படிவத்திலேயே அந்த வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம்.

சேர்ந்தால் கிடைப்பது என்ன? மருந்து கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கணினி குலுக்கிப் போடும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்றுத் திரவம். பெரும்பாலும் நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. "தண்ணிய ஏத்தி ஏமாத்துறாங்களா" என்று ஒரு மீனவப் பெண்மணி கோபமாகவே கேட்டார். கோபத்தில் நியாயம் இருந்திருக்கும், வழக்கமான மருந்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஏற்றினால். ஒழுங்கான சோதனையில் அப்படி நடக்காது. இருபக்கத்தாருக்கும் வழக்கமான சிகிச்சை முழுசாக உண்டு. அதற்கு மேலே கூடுதலாக ஏற்றுவதுதான் மருந்தா வெற்றுத் திரவமா என்ற வித்தியாசம். அவசரம் வந்தால் எந்த மருந்தையும் கொடுக்க டாக்டருக்கு உரிமை உண்டு. இது உறுதிதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

நிச்சயமாகக் கிடைப்பது கண்காணிப்பு. கூடுதல் எக்கோ, கூடுதல் ரத்தப் பரிசோதனை, போன் செய்து விசாரிக்க ஓர் ஆராய்ச்சிப் பணியாளர், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள் என்று நாள் குறித்துப் பார்ப்பது. டிஸ்சார்ஜ் ஆனதும் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கருவாட்டுக் குழம்புக்குத் திரும்பிவிடும் நம் ஊர் வழக்கத்துக்கு இந்தக் கண்காணிப்பு பெரிய உதவி என்பது என் எண்ணம்.

ஆபத்துப் பக்கம்: லெவோசிமெண்டான் குழாய்களை விரிப்பதால் ரத்த அழுத்தம் இறங்கலாம், அதை ஏற்ற வேறு மருந்து தேவைப்படலாம். தலைவலி, படபடப்பு வரலாம். துடிப்பு ஒழுங்கு தவறலாம். பொட்டாசியம் குறையலாம். மேலே சொன்ன மூன்று சோதனைகளிலும் மருந்து பெற்றவர்கள் கூடுதலாக இறக்கவில்லை என்பது ஒரு நிம்மதி. ஏற்கெனவே ரத்த அழுத்தம் தாழ்வாகவே இருக்கிறவர்களும், சிறுநீரகமோ கல்லீரலோ மோசமாக இருக்கிறவர்களும் இதைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது வழி, சோதனையில் சேராமல் அந்த மருந்தை மட்டும் வாங்கிப் போடச் சொல்வது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், கீழக்கரை, தொண்டிப் பக்கம் குறிப்பாக, இந்தக் கோரிக்கை வருகிறது. "பணம் பிரச்சினையில்ல, நல்ல மருந்தாப் போடச் சொல்லுங்க" என்பார்கள். அத்தாவுக்கு எதையும் விட்டுவிடக் கூடாது என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதைத்தான் நான் உறுதியாக வேண்டாம் என்கிறேன். முன்னெச்சரிக்கையாக எல்லோருக்கும் ஏற்றினால் உயிர் பிழைப்பது கூடும் என்று பெரிய சோதனைகள் காட்டவில்லை. காசு போகும், ரத்த அழுத்தம் இறங்கும் ஆபத்து அப்படியே இருக்கும், கூடுதல் கண்காணிப்பும் கிடைக்காது, உங்கள் அனுபவத்திலிருந்து அடுத்தவருக்கு ஒரு தகவலும் போய்ச் சேராது. அறுவைக்குப் பின் இதயம் திணறும்போது டாக்டரே இதைத் தேர்ந்தெடுத்தால் அது வேறு விஷயம், அது அவருடைய முடிவு. அந்தப் பணத்தை அறுவைக்குப் பிந்திய மூன்று மாத வீட்டுச் செலவுக்கு எடுத்து வையுங்கள்.

மாத்திரையைச் சோதிக்கும் ஆராய்ச்சி என்றால்

எல்லாச் சோதனையும் ட்ரிப்ஸ் மருந்தைப் பற்றியது இல்லை. டபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் என்ற மாத்திரைகளையும் அறுவை நேரத்தில் கொடுத்துப் பார்க்கிறார்கள். முதலில் சர்க்கரைக்காக வந்த மாத்திரைகள். 2019இல் 4,744 பேரை வைத்து நடந்த சோதனையில், சர்க்கரை இல்லாதவர்களுக்கும்கூட டபாகிளிஃப்லோசின் இதயச் செயலிழப்பில் பலன் தருகிறது என்று நிரூபணமானது. இந்தியாவில் 2020இல் காப்புரிமை முடிந்த பிறகு விலை நன்றாக இறங்கிவிட்டது. எங்கள் கடையிலேயே தினமும் விற்கிறது.

இங்கே கேள்வி தலைகீழாக நிற்கிறது. நீண்ட நாள் பயன் உறுதி. ஆனால் அறுவை நேரத்தில் மட்டும் நிறுத்தச் சொல்கிறார்கள், குறைந்தது மூன்று நாள் முன்னால். காரணம், பட்டினியும் அறுவையும் சேரும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இது நடக்கும் என்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். சிறுநீரகத்தைக் காக்குமா என்று பார்ப்பதற்காக இதே மாத்திரையை அறுவைக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து கொடுக்கும் சோதனை என்றால், வழக்கமான அறிவுரைக்கு நேர் எதிராகப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். அது தப்பு என்று சொல்லவில்லை, அந்த எச்சரிக்கை எந்த அளவுக்குத் தேவை என்பதும் சோதித்தால்தானே தெரியும். ஆனால் சர்க்கரை இருக்கும் நம் பாம்பன்காரர் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: "எத்தனை மணிக்கு ஒருதரம் கீட்டோன் பார்ப்பீர்கள்?" தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம். மழுப்பினால் வேண்டாம். அப்புறம் இன்சுலின் போடுகிறவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை.

கடற்கரையிலிருந்து போகிறவரின் கணக்கு

ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்துவிட்டது. ஆனாலும் பைபாஸ் என்றால் நம் ஆட்கள் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போகிறார்கள். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். பஸ்ஸில் நாலு மணி நேரம். நெஞ்செலும்பில் கம்பி போட்ட மனிதருக்கு அது சாதாரணப் பயணம் இல்லை. வழக்கமான அறுவைக்கும் தையல் பார்க்க, மருந்து மாற்ற இரண்டு மூன்று தடவை போகத்தான் வேண்டும். சோதனையில் சேர்ந்தால் அதற்கு மேலே எத்தனை தடவை என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில சோதனைகளில் முப்பதாம் நாள் விசாரிப்பைப் போனிலேயே முடித்துவிடுவார்கள், சிலவற்றில் நேரில் வந்து எக்கோ எடுத்தே ஆக வேண்டும். பாம்பன்காரரைப் பொறுத்தவரை இந்த ஒரு வித்தியாசமே முடிவை மாற்றிவிடும்.

போகும் செலவை மட்டும் எண்ணக் கூடாது. கூடப் போகும் மனைவியின் கூலியும் அதில் உண்டு. பாசி எடுக்கும் வேலை நீர் வற்றும் நாட்களைச் சார்ந்தது. அந்த நாள் போனால் அடுத்த வற்று வரை காத்திருக்க வேண்டும். மருத்துவமனை குறிக்கும் தேதி அந்த நாட்களில் விழுந்தால் வீட்டில் இரண்டு வருமானமும் ஒரே சமயத்தில் நிற்கும். தேதியை முன்னே பின்னே மாற்றித் தர முடியுமா என்று முதலிலேயே பேசுங்கள். பெரும்பாலான சோதனைகளில் சில நாள் இடைவெளி வைத்திருப்பார்கள். பயணப்படி உண்டா, துணைக்கு வருகிறவருக்கும் உண்டா என்றும் கேளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, பைபாஸும் அதில் வருகிறது. ஆராய்ச்சியில் சேர்ந்தாலும் அறுவை காப்பீட்டில் நடக்கலாம். ஆனால் ஆராய்ச்சிக்காக மட்டும் எடுக்கும் பரிசோதனை, ஆராய்ச்சி மருந்து, அதனால் ஐ.சி.யூ.வில் கூடுதலாகத் தங்க நேரும் நாட்கள் எதுவும் உங்கள் காப்பீட்டிலிருந்தோ உங்கள் கையிலிருந்தோ போகக் கூடாது. வழக்கமான சிகிச்சைக்கு மேல் ஆகும் ஆராய்ச்சிச் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. "எதுக்கு எந்தக் கணக்கு?" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படிவத்தில் கண் வைக்க வேண்டிய இடங்கள்

"எங்கள சோதனை எலி ஆக்குறாங்க" என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. நம் நாட்டில் ஏழைகளை விவரம் சொல்லாமலே சோதனைகளில் சேர்த்த புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2013இல் விதிகள் இறுகின. 2019இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகளுக்கான விதிகள் வந்தன. அதன்படி ஒவ்வொரு சோதனையையும் ஒரு நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர், அதில் ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், மருத்துவத்தோடு தொடர்பில்லாத ஒரு பொதுமனிதர் இருக்க வேண்டும். சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும், சோதனையால்தான் வந்தது என்று தெரிந்தால் இழப்பீடும் தர வேண்டும். மருந்துக் கம்பெனி நடத்தும் சோதனையா, கல்லூரி டாக்டர்களே நடத்தும் சோதனையா என்று கேளுங்கள். நடைமுறை இரண்டிலும் கொஞ்சம் மாறும், இழப்பீட்டுக்குப் பொறுப்பு யார் என்பதும் அதைப் பொறுத்தது. அந்தப் பெயர் படிவத்தில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் நடக்கும் சோதனைகள் பொதுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2007இல் தொடங்கிய பதிவேடு அது, 2009 ஜூனிலிருந்து கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, குவைத்தில் இருக்கும் மகனிடம் கொடுத்தால் அவர் அங்கிருந்தபடியே இணையத்தில் பார்த்துவிடலாம். எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதைக் கணக்கிடுகிறார்கள் எல்லாம் அதில் இருக்கும். தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் செய்யக்கூடிய மிக நல்ல உதவி இது.

படிவம் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் முழுவதையும் வாசித்துச் சொல்ல வேண்டும். ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். நாளைக் காலை அறுவை, இன்றிரவு பத்து மணிக்குப் படிவம் என்றால், "வீட்டில் பேச நேரம் வேண்டும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்த நேரத்தைத் தர முடியாத சோதனையில் சேராமல் விடுவதே மேல்.

என் கருத்து

பாம்பன்காரரைப் போன்ற ஒருவர், பம்பிங் 35க்குக் கீழே, பைபாஸ் மட்டும், ரத்த அழுத்தம் ஓரளவு சீர், கூட இருக்க ஆள் உண்டு, மூன்று மாத விசாரிப்பு பெரும்பாலும் போனில் முடியும் என்றால், லெவோசிமெண்டான் மாதிரிச் சோதனையில் சேரச் சொல்வேன். மருந்து காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையில் சொல்லவில்லை. கூடுதல் கண்காணிப்பு அவருக்கு உதவும், ஆபத்து பெரிதாகக் கூடாது. அப்புறம், கிடைக்கும் விடை அவருக்குப் பின்னால் அதே கட்டிலில் படுக்கப் போகிறவருக்குப் பயன்படும். நம் கடற்கரை ஆட்களின் உடம்புக்கு எது ஒத்துவரும் என்பதை எத்தனை நாள் வேறு நாட்டு எண்களை வைத்தே முடிவு செய்வது?

தனியாக இருப்பவர், ஒவ்வொரு தடவையும் நேரில் போக வேண்டிய சோதனை, படிவத்தில் இழப்பீட்டுக்குப் பொறுப்பாளர் பெயர் இல்லை, ஏற்கெனவே சாப்பிடும் இதய மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறார்கள் ஆனால் ஏன் என்று சொல்லவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்பேன். மனைவியும் பிள்ளைகளும் தள்ளுகிறார்கள், நோயாளிக்கு உள்ளுக்குள் விருப்பமில்லை என்றாலும் வேண்டாம். கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும்.

சேர்ந்துவிட்டால் ஒரு காரியம் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் சோதனையின் பெயர், பதிவு எண், 24 மணி நேரமும் எடுக்கும் ஒரு போன் நம்பர் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வீடு வந்த பிறகு இரவில் மூச்சுத் திணறி, 108இல் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், அங்கே டியூட்டியில் இருக்கும் டாக்டருக்கு உடம்பில் என்ன மருந்து இருக்கக்கூடும் என்று தெரிய வேண்டும். தேவைப்பட்டால் குலுக்கலை உடைத்து மருந்தா வெற்றுத் திரவமா என்று அந்த நம்பரில் சொல்லிவிடுவார்கள். சீட்டைப் பீரோவில் பூட்டி வைக்காமல் காப்பீட்டு அட்டையோடு ஒரே உறையில் போட்டு, மனைவி கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஒரு போட்டோ எடுத்து மகளுக்கும் மகனுக்கும் அனுப்பிவிடுங்கள்.